ஜீவனாம்சம் கேட்டால் அப்பா, குடியுரிமை கேட்டால் அந்நியரா?

(கிள்ளான் வட்டாரத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் எழுத்தில் தருகிறோம்.)



வேலை முடிந்து சட்டை கூட மாற்றாமல் நேராக வந்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், தூணுக்குப் பின்னால் நிற்கும் தம்பிகளுக்கும் வணக்கம். தம்பிகளே, முன்னால் வாருங்கள். இன்றைக்கு நான் பேசப் போவது முக்கியமாக உங்களைப் பற்றித்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. யார் யாரோடு குடும்பம் நடத்துகிறார்கள், தாலி கட்டினார்களா இல்லையா என்று கேட்பது என் வேலை இல்லை. பிறந்த பிள்ளைக்கு அடையாளக் கார்டு கிடைத்ததா இல்லையா என்பதுதான் என் வேலை. அதனால் பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று பயப்படாமல் கேளுங்கள். இன்னொன்று, நான் சொல்வதெல்லாம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான சட்டம்.

ஓர் அண்ணன் என்னிடம் வந்தார். லோரி ஓட்டுகிறவர். இங்கேதான் பிறந்தார், நீல ஐசி. அவர் அப்பாவும் நீல ஐசி. ஓர் இந்தோனேசியப் பெண்ணோடு குடும்பம் நடத்தினார். திருமணம் பதியவில்லை. பையன் இங்கேயே அரசாங்க மருத்துவமனையில் பிறந்தான். இரண்டு பேரும் சேர்ந்து போய் கையெழுத்துப் போட்டு சூராட் பெரானாக் எடுத்தார்கள். அதில் அப்பா பெயர் இருக்கிறது. அண்ணனுக்குத் திருப்தி. பையனுக்கு 2 வயதாகும்போது அந்தப் பெண் ஊருக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அண்ணன்தான் சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்தார்.

பையனுக்கு 12 வயது. ஐசி எடுக்கப் போனார்கள். கவுண்டரில் இருந்தவர் பத்திரத்தைத் திருப்பி, அதில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். 'புக்கான் வார்கானெகாரா.' குடிமகன் இல்லை. பத்து வருடமாக அந்தப் பத்திரம் அண்ணன் வீட்டு அலமாரியில் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்திருக்கிறது. அந்த ஒரு வரியை யாரும் வாசிக்கவில்லை. அப்பா பெயரைத்தான் பார்த்தார்கள்.

அண்ணன் சொன்னார்: "லோயரம்மா, டிஎன்ஏ எடுப்போம். நான்தான் அப்பன் என்று நிரூபித்துவிடலாம்." கடன் வாங்கி எடுத்தார். அவர்தான் அப்பா என்று அறிக்கை வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். நீங்கள் அப்பா இல்லை என்று நாங்கள் எப்போது சொன்னோம்? நீங்கள்தான் அப்பா. ஆனால் பிள்ளை குடிமகன் இல்லை. இதுதான் பதில்.

அண்ணனுக்கு விளங்கவில்லை. சட்டம் படித்த எனக்கே அதை அவரிடம் விளக்கிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

விளக்கம் இதுதான். நம் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தில், இங்கே பிறந்த பிள்ளையின் பெற்றோரில் ஒருவராவது, பிள்ளை பிறந்த நேரத்தில் குடிமகனாக இருந்தால் பிள்ளையும் குடிமகன் என்று இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில், மூன்றாம் பாகத்தில், 17-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சட்டப்படியான திருமணத்தில் பிறக்காத பிள்ளையைப் பொறுத்தவரை, 'அப்பா' என்று எங்கே எழுதியிருந்தாலும், 'பெற்றோர்' என்று எங்கே எழுதியிருந்தாலும், அதை 'அம்மா' என்று வாசிக்க வேண்டுமாம். அவ்வளவுதான். அந்த ஒரு பிரிவில் அப்பா காணாமல் போய்விடுகிறார். டிஎன்ஏ எடுத்தாலும் வர மாட்டார்.

இப்போது இதைக் கேளுங்கள். மணமான பெண்கள், பிள்ளைகள் ஜீவனாம்சச் சட்டம் என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. திருமணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும் அப்பா செலவுக்குப் பணம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் நீதிமன்றம் மாதாமாதம் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம் என்று அதன் 3-ஆவது பிரிவு சொல்கிறது. அங்கே அப்பா இருக்கிறார்!

1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தை எடுங்கள். அப்பா மோட்டாரில் போகும்போது யாரோ மோதி இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவரை நம்பியிருந்த பிள்ளை நஷ்டஈடு கேட்கலாம். பிள்ளை திருமணத்தில் பிறக்கவில்லை என்றாலும், அதை அந்த அப்பாவுக்கு முறையாகப் பிறந்த பிள்ளையாகவே எண்ண வேண்டும் என்று 7-ஆவது பிரிவு சொல்கிறது. அங்கேயும் அப்பா இருக்கிறார். செத்த பிறகு இருக்கிறார்!

பணம் வாங்க வேண்டுமென்றால் இந்த நாட்டுச் சட்டத்துக்கு அப்பாவைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிகிறது. அதே பிள்ளை நான் இந்த நாட்டுக்காரனா என்று கேட்டால், உன் அப்பா யாரோ எங்களுக்குத் தெரியாது என்கிறது. ஜீவனாம்சம் கேட்டால் அப்பா, குடியுரிமை கேட்டால் அந்நியரா? இந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்க வேண்டும்.

இது எங்கோ நடக்கிற கதை, இந்தோனேசியக்காரியோடு வாழ்ந்தவன் தலைவிதி என்று நினைக்காதீர்கள். இரண்டு பேருமே நம் தமிழர்களாக இருந்தாலும் வருகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

1982 மார்ச் 1-ஆம் தேதி ஒரு கோடு போட்டார்கள். சட்டச் சீர்திருத்தத் திருமண, மணவிலக்குச் சட்டம் அன்றைக்குத்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் தோட்டத்துக் கோயிலில் முறைப்படி தாலி கட்டியிருந்தால், அந்தத் திருமணம் பதியப்பட்டதாகவே கொள்ளப்படும். உங்கள் தாத்தா பாட்டி ஒரு காகிதத்திலும் கைநாட்டு வைக்கவில்லை. ஆனாலும் சட்டத்தின் பார்வையில் அவர்கள் கணவன் மனைவி. அந்தத் தேதிக்குப் பிறகு, அந்தச் சட்டத்தில் சொன்னபடிதான் திருமணம் நடக்க வேண்டும். 500 பேருக்கு அழைப்பிதழ் வைத்து, நாதஸ்வரம் வைத்து, அப்பா இபிஎஃப் பணத்தை எல்லாம் கொட்டிச் செய்த கல்யாணமாக இருக்கட்டும். பதிவுச் சான்றிதழ் இல்லாவிட்டால் பதிவிலாகா கவுண்டரில் அது கல்யாணம் இல்லை. பதிவு இல்லாததால் மட்டுமே ஒரு திருமணம் செல்லாது என்று ஆகிவிடாது என்று அதே சட்டத்தில் 34-ஆவது பிரிவு இருக்கிறது. நாங்கள் நீதிமன்றத்தில் அதை வைத்து வாதாடுகிறோம். ஆனால் நீதிமன்றம் வரைக்கும் போக உங்களிடம் வருடமும் பணமும் இருக்கிறதா?

ஏன் பதியவில்லை என்று கேட்டால் எனக்குக் கிடைக்கிற பதில் எப்போதும் ஒன்றுதான். "பொண்ணுக்கு ஐசி இல்லீங்க." தோட்டத்தில் லயத்து வீட்டில் பிறந்த பெண். மருத்துவச்சி பார்த்த பிரசவம். அப்பா குடிகாரரோ, பதியத் தெரியாதவரோ, தோட்டம் துண்டாடப்பட்டு ஊர் ஊராகப் போனார்களோ, பிறப்புப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாததால் ஐசி இல்லை. ஐசி இல்லாததால் திருமணம் பதிய முடியவில்லை. பதியாததால் பிள்ளை அம்மா பக்கம் போகிறது. அம்மாவிடம் ஒன்றும் இல்லை. நீல ஐசி வைத்திருக்கும் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், சும்மா நிற்கிறார். இப்படி மூன்று தலைமுறை ஐசி இல்லாத குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போகிறேன், மொய் வைக்கிறேன், சாப்பிடுகிறேன், வருகிறேன். ஒரு கல்யாணத்தில் கூட பதிவு செய்தாயிற்றா என்று நான் கேட்டதில்லை. வழக்கறிஞர் நான்! அந்த வீட்டில் ஒன்றில் இன்றைக்கு 9 வயதுப் பிள்ளைக்கு என்னிடம் கோப்பு இருக்கிறது. கோயில் நிர்வாகத்தினர் இங்கே முன்வரிசையில் இருக்கிறீர்கள். திருமணத் துணைப் பதிவதிகாரி நியமனம் உள்ள கோயில்களில் சடங்கும் பதிவும் ஒரே நாளில் முடிகிறது. அது இல்லாத கோயிலாக இருந்தால், மண்டபத்துக்கு முன்பணம் வாங்கும்போதே, பதிவுக்கு விண்ணப்பித்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாசலில் வாழைமரம் யார் கட்டுவது என்பது வரைக்கும் கேட்கிறீர்கள், இதையும் கேளுங்கள்.

சரி, அம்மாவுக்கு ஐசி இல்லை. கதை முடிந்ததா? இல்லை. இங்கேதான் நான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும் என்கிறேன்.

17-ஆவது பிரிவு அம்மாவைப் பார் என்கிறது அல்லவா? பார்த்துவிடுவோம். அம்மாவிடம் ஐசி இல்லை என்பதற்காக அம்மா குடிமகள் இல்லை என்று ஆகிவிடாது. ஐசி என்பது அத்தாட்சிதான். அவர் இந்த மண்ணில் பிறந்தவர், அவர் பிறந்தபோது அவருடைய அப்பா குடிமகன், தாத்தா பாட்டி கல்யாணம் 1982-க்கு முன்னால் கோயிலில் நடந்தது என்றால், அந்த அம்மா சட்டப்படி பிறந்த நிமிடத்திலேயே குடிமகள். அவர் குடிமகள் என்றால் அவர் பிள்ளையும் குடிமகன். அப்பாவை இழுக்கவே வேண்டாம்.

இன்னும் ஒரு படி மேலே போங்கள். 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடியும் வரை மலாயாவில் பிறந்தவர்களுக்கு, இங்கே பிறந்தாலே போதும் என்றுதான் பொதுவான விதி இருந்தது. அப்பா யார், கல்யாணம் பதிந்ததா என்ற கேள்வி எழவில்லை. அந்த வருடங்களில் பிறந்த பாட்டி, தாத்தா உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? அவர்களுடைய பழைய பிறப்புப் பத்திரம், தோட்டத்து மருத்துவமனைச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், தோட்டச் சம்பளப் புத்தகம், எதையும் வீசாதீர்கள். வீடு மாறும்போது பழைய டிரங்குப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டோம் என்று சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். அந்தப் பெட்டியில்தான் பேரப்பிள்ளையின் குடியுரிமை இருந்தது.

ஆகவே அம்மாவுக்கு ஐசி இல்லாத வீட்டில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அம்மாவின் காகிதத்தை முதலில் சரி செய்யுங்கள். எத்தனையோ பேர் பிள்ளைக்கு மட்டும் விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்கிறார்கள்.

இப்போது கையெழுத்து விஷயம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1957, 13-ஆவது பிரிவு. திருமணம் பதியாத பெற்றோருக்குப் பிள்ளை பிறந்தால், அப்பா பெயரைப் பத்திரத்தில் போட வேண்டுமென்றால் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து கேட்க வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் போய்க் கேட்டால் போட மாட்டார்கள். அம்மா மட்டும் போய் 'இவர்தான் அப்பா' என்றாலும் போட மாட்டார்கள். பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்கு மேல் போனால் தாமதப் பதிவு, விசாரணை, சாட்சி என்று இழுத்துக்கொண்டே போகும்.

தம்பிகளே, இந்த இடத்தில்தான் உங்களைக் கூப்பிட்டேன். பிள்ளை பிறந்தவுடன் கோபம், சண்டை, "அவ வீட்ல என்னைய மதிக்கல" என்று போகாமல் இருந்துவிடுகிறீர்கள். ஆறு மாதம் கழித்து சமாதானம் ஆகிவிடும். பத்திரத்தில் 'மக்லுமாட் தியாடா' என்று ஏறிவிட்டது சமாதானம் ஆகாது. அப்பாவைப் பற்றித் தகவல் இல்லை என்று அந்தப் பிள்ளை பள்ளியில், வேலையில், கல்யாணத்தில், எல்லா இடத்திலும் காட்ட வேண்டும். உங்கள் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். 60 நாளுக்குள் ஒரு காலை நேரம், ஒரு கையெழுத்து.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன், பிறகு ஏமாந்தோம் என்று சொல்லக் கூடாது. அந்தக் கையெழுத்தால் உங்கள் பெயர் ஏறும். குடியுரிமை ஏறாது. முதலில் சொன்ன லோரி அண்ணன் கையெழுத்துப் போட்டவர்தான். அம்மா குடிமகளாக இருந்தால் கவலை இல்லை, பிள்ளை குடிமகன்தான். அம்மா வெளிநாட்டவர் என்றால் 'புக்கான் வார்கானெகாரா' என்றே வரும். பத்திரம் கையில் கிடைத்தவுடன் குடியுரிமை எழுதிய இடத்தைப் பாருங்கள். அங்கேயே, அன்றைக்கே பாருங்கள்.

இதைவிடக் கஷ்டமான இரண்டு வகை உண்டு.

ஒன்று, அம்மா போய்விட்ட வீடு. பிரசவம் முடிந்து மருத்துவமனையிலிருந்தே போய்விடுகிறார்கள், அல்லது பிள்ளையை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அப்பா வளர்க்கிறார். இரண்டு கையெழுத்து வேண்டும் என்கிறது சட்டம். இரண்டாவது கையெழுத்துக்கு எங்கே போவது? நம் ஊரில் எப்போதும் ஆண்கள் பொறுப்பில்லாமல் ஓடிவிட்டார்கள் என்றே பேசுகிறோம். ஓடாத ஆண்களும் இருக்கிறார்கள் ஐயா. பாட்டில் கழுவி, நாப்பி மாற்றி, இரவு ஷிப்டுக்குப் போகும்போது பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போகிற ஆண்கள். சட்டத்தில் அவர்களுக்கு உட்கார ஒரு நாற்காலி இல்லை. அப்படிப்பட்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது போலீஸ் புகார். அம்மாவைக் காணவில்லை, பிள்ளை என்னிடம் இருக்கிறது என்று தேதியோடு பதிவாக வேண்டும். அம்மாவின் கடப்பிதழ் நகல், மருத்துவமனை அட்டை, சேர்ந்து எடுத்த படம், எல்லாம் வேண்டும். தேடினேன் என்பதற்கு அத்தாட்சி இல்லாமல் எந்த அதிகாரியும் கேட்க மாட்டார்.

இன்னொன்று கொஞ்சம் கூச்சமான விஷயம். சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் கணவர் விட்டுவிட்டுப் போய் எட்டு வருடம். விவாகரத்து எடுக்கவில்லை. அந்தப் பெண் வேறொருவரோடு நல்லபடியாக வாழ்கிறார், பிள்ளை பிறக்கிறது. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? திருமணம் நிலைத்திருக்கும்போதோ, முடிந்து 280 நாளுக்குள்ளோ பிறந்த பிள்ளை அந்தக் கணவனின் பிள்ளை. அவர்கள் இரண்டு பேரும் சந்திக்கவே வாய்ப்பு இல்லை என்று காட்டினால் ஒழிய, அதுதான் முடிவான அத்தாட்சி. சோறு போடுகிறவர் ஒருவர். சட்டத்தில் அப்பா வேறொருவர், பிள்ளையின் முகத்தையே பார்த்திராதவர். பிரிந்து வாழும் அக்காமார்களே, மணவிலக்கு எடுங்கள். பணம் இல்லை என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. மறுபடியும் பிள்ளை பிறக்கும் முன் எடுங்கள்.

பலர் கேட்கிற கேள்வி: "பிள்ளை பிறந்த பிறகு கல்யாணத்தைப் பதிந்துவிட்டால் சரியாகிவிடும்தானே?" பாதி சரி. சட்டமுறைமைச் சட்டம் 1961 என்று ஒன்று உண்டு. பிறகு திருமணம் செய்தாலும் பிள்ளை முறையான பிள்ளை ஆகிவிடும். ஆனால் எப்போதிலிருந்து? திருமணத் தேதியிலிருந்து. பிறந்த நேரத்திலிருந்து இல்லை. குடியுரிமைக்குப் பிறந்த நேரம்தான் கணக்கு என்கிறார்கள். 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்தில் இதுபற்றி ஒரு தீர்ப்பு வந்தது. அப்பா மலேசியர், அம்மா பிலிப்பைன்ஸ் நாட்டவர், பிள்ளை அங்கே பிறந்தது, பெற்றோர் சில மாதம் கழித்துத்தான் மணம் முடித்தார்கள். ஏழு நீதிபதிகள். நால்வர் பிள்ளை குடிமகன் இல்லை என்றார்கள், மூவர் குடிமகன் என்றார்கள். அந்த மூவரில் ஒருவர் அப்போதைய தலைமை நீதிபதி துன் தெங்கு மைமுன். ஒரு நீதிபதி இந்தப் பக்கம் வந்திருந்தால் இன்று நான் இந்தப் பேச்சைப் பாதியில் நிறுத்தியிருப்பேன்.

ஆனாலும் திருமணத்தைப் பதியுங்கள். குடியுரிமைக்கு உதவாவிட்டாலும் சொத்துக்கு உதவும். ஏன் என்றால் 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டத்தில் 'பிள்ளை' என்றால் முறையாகப் பிறந்த பிள்ளை மட்டும்தான். உயில் இல்லாமல் அப்பா இறந்தால், பதியாத குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தச் சட்டத்தில் பங்கு இல்லை. நீங்கள் இருபது வருடம் தவணை கட்டிய அடுக்குமாடி வீடு உங்கள் அண்ணன் தம்பிக்குப் போகும். சிரிக்காதீர்கள், போயிருக்கிறது. ஆகவே உயில் எழுதுங்கள். பிள்ளையின் பெயரையும் பிறப்புப் பத்திர எண்ணையும் போட்டு எழுதுங்கள். இரண்டு சாட்சி வேண்டும். சொத்து பெறுகிறவரோ, அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருந்தால் அவருக்கு எழுதியது போய்விடும். உயில் எழுதிவிட்டு அதற்குப் பிறகு திருமணம் பதிந்தால் பழைய உயில் ரத்தாகிவிடும், புதிதாக எழுதுங்கள். இபிஎஃப் கணக்கில் வாரிசுப் பெயர் போட்டீர்களா என்று நாளைக்கே பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டது அப்படியே கிடக்கும்.

வெளிநாட்டு அம்மா, பதியாத திருமணம், பிள்ளை ஏற்கெனவே 'புக்கான் வார்கானெகாரா'. இவர்களுக்கு இப்போது திறந்திருக்கும் கதவு அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு. சிறப்புச் சூழ்நிலை என்று கருதினால் அரசாங்கம் வயது குறைந்த ஒருவரைக் குடிமகனாகப் பதியலாம். 'கருதினால்.' உள்துறை அமைச்சு கருத வேண்டும். வருடங்கள் ஆகும். லோரி அண்ணன் மகனுக்குப் போட்டோம். மூன்றரை வருடம் கழித்துக் கடிதம் வந்தது. நிராகரிப்பு, காரணம் எழுதவில்லை. மறுபடி போட்டிருக்கிறோம். அரசாங்கத்தின் முடிவை எந்த நீதிமன்றமும் மறு ஆய்வு செய்யக் கூடாது என்று அதே இரண்டாவது அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதையும் மீறித்தான் வழக்குகள் நடத்துகிறோம்.

இந்த 15ஏ விண்ணப்பத்துக்கு 21 வயது வரை என்று இருந்தது. 2024 அக்டோபர் 17-ஆம் தேதி மக்களவை 206 வாக்குகளோடு நிறைவேற்றிய திருத்தத்தில் அதை 18-ஆகக் குறைத்திருக்கிறார்கள். ஆகவே 'பையன் படித்து முடிக்கட்டும்' என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளை சின்னதாக இருக்கும்போதே போடுங்கள்.

அந்தத் திருத்தம் எதற்காக வந்தது? வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்களுக்காக. அவர்கள் வழக்குப் போட்டார்கள், நாடாளுமன்ற வாசலில் நின்றார்கள், வருடக் கணக்கில் விடவில்லை. வாங்கிவிட்டார்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் அதே திருத்தத்தில் 17-ஆவது பிரிவை யாரும் தொடவில்லை. ஏன் தொடவில்லை? கேட்க யாரும் போகவில்லை. நாமும் போகவில்லை. 2007 நவம்பர் 25-ஆம் தேதி தண்ணீர் பீய்ச்சியபோதும் கண்ணீர்ப் புகை வீசியபோதும் வீதியில் நின்ற சமூகம் இது. நாடற்ற பிள்ளைகள் பற்றி மேடைக்கு மேடை பேசினோம். ஆனால் கைக்குழந்தையோடு நிற்கும் மணமாகாத அப்பாவை முன்வரிசையில் நிறுத்த நமக்கே கூச்சம். மானக்கேடு என்று நினைத்தோம்.

அரசாங்கத் தரப்பில் ஒரு பதில் சொல்வார்கள்: பிள்ளையை விலைக்கு வாங்கிவிட்டு, நான்தான் அப்பா என்று சொல்லி ஐசி எடுக்கும் கும்பல் இருக்கிறது. இந்தப் பயம் பொய் இல்லை, குழந்தை விற்பனை நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்குத்தானே டிஎன்ஏ இருக்கிறது? 17-ஆவது பிரிவை எழுதிய காலத்தில் அப்பா யார் என்று உறுதியாகச் சொல்ல வழி கிடையாது, அம்மாவைத்தான் கண்ணால் பார்க்க முடியும். அன்றைக்கு அது ஒரு நியாயம். இன்றைக்கு உமிழ்நீரை எடுத்துச் சொல்லிவிடுகிறார்கள். 13-ஆவது பிரிவில் கையெழுத்திட்ட அப்பா, அல்லது டிஎன்ஏ அறிக்கை உள்ள அப்பா, குடியுரிமைக்கும் அப்பாதான் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2024-இல் கிடைத்ததே!

ஒரு கோரிக்கை மனு தயாராக இருக்கிறது. படித்துப் பார்த்து, சம்மதம் என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். அதோடு உங்கள் கதையையும் எழுதிக் கொடுங்கள், பெயர் வேண்டாம். எழுத வராதவர்கள் சொன்னால் எழுதிக்கொள்ள இரண்டு தங்கச்சிகள் இருக்கிறார்கள்.

லோரி அண்ணன் மகனுக்கு இந்த வருடம் 17. எஸ்பிஎம் எழுதுகிறான். கணக்கில் கெட்டிக்காரன். போன வாரம் என் அலுவலகத்துக்கு வந்து, "ஆண்ட்டி, பாஸ் பண்ணினா பிடிபிடிஎன் கடனுக்கு மனு போடலாமா?" என்று கேட்டான். குடிமக்களுக்கு மட்டும்தான் அது. முதலில் நல்லாப் படி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பின்னால் மேசை போட்டிருக்கிறோம். இரவு 10 மணி வரை இருப்போம். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், அம்மா அப்பா ஐசி, திருமணச் சான்றிதழ், தாத்தா பாட்டி காகிதம், எது இருக்கிறதோ அதைக் கொண்டு வாருங்கள். வீட்டில் இருந்தால் யாரையாவது மோட்டாரில் அனுப்பி எடுத்து வரச் சொல்லுங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் முதலில் வரலாம், மற்றவர்கள் வழி விடுங்கள்.